முன்குறியில் ஒரு வெள்ளைப் பொட்டு

போன வாரம் இர்ஷாத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டான். என் சேவையின் கடைசிக் காலத்தில் என்னோடு வேலை பார்த்த பொடியன். இப்போது எங்கள் பழைய ஒபிசுக்கே அவன்தான் பொறுப்பு.

“சிவா அண்ணே, ஒபிஸ் ரைபிளுக்குப் புதுசா பார்வை சாமான் போடலாம்னு மேல இருந்து சொல்லிட்டாங்க. ரெட் டொட் போடுறதா, ஸ்கோப் போடுறதா, இல்ல பழைய இரும்புக் குறியே போதுமா? நீங்கதானே இதெல்லாம் நோண்டி நோண்டிப் பாத்த ஆளு. ஒரு வார்த்தையில சொல்லுங்க.”

ஒரு வார்த்தையிலாம்! என் பழைய மேலதிகாரி பாரூக் சேரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. நான் தொண்டையைக் கனைத்து ஆரம்பிப்பதற்குள், வயலுக்குள் யானை இறங்கிவிட்டதென்று யாரோ கூப்பிட, அவன் போனை வைத்துவிட்டான். ஆகவே எழுதி அனுப்புகிறேன். வாசிப்பானோ என்னவோ.

எழுபதுகளின் கடைசியில் வனவிலங்கு இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா வடக்கிலிருந்து அரசாங்க உத்தியோகமாக மாத்தளைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பிள்ளை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பிள்ளை காட்டுக்குப் போனான். பயிற்சியில் நடக்கச் சொன்னார்கள், நடந்தோம். யானைக்கு நம் வாடை போகாத பக்கமாக நிற்கப் பழகினோம். துவக்கைத் துடைத்தோம், மறுபடி துடைத்தோம்.

அந்தத் துவக்குத்தான் என்னை முதலில் யோசிக்க வைத்தது. போல்ட் ரைபிள். பக்கத்துக் கைப்பிடியைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளி மடக்கினால்தான் அடுத்த தோட்டா ஏறும். குழலின் நுனியில் சின்னதாக ஓர் இரும்புக் கட்டை, அது முன்குறி. கண்ணுக்குக் கிட்ட வெட்டு விழுந்த ஒரு தகடு, அது பின்குறி. வெட்டுக்கு நடுவில் கட்டை, கட்டைக்கு மேல் இலக்கு. கேட்க லேசாக இருக்கிறது. ஆனால் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். இங்கேயோ மூன்று தூரம் இருக்கிறது. “முன்குறியைப் பார், மற்ற இரண்டும் மங்கினால் மங்கட்டும்” என்றார்கள். ஆளை அடிக்க வரும் யானையைப் பார்க்காமல் ஓர் இரும்புத் துண்டைப் பார்ப்பதா? எனக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. யாரிடம் கேட்டாலும் “சொன்னதச் செய்” என்றார்கள்.

பாரூக் சேரிடம் வந்த பிறகுதான் கேட்க ஓர் ஆள் கிடைத்தார். நாலந்தாப் பக்கத்து ஒபிசில் அவர் மேலதிகாரி. மாத்தளை டவுனில் பரம்பரை பரம்பரையாக இருக்கும் குடும்பம். உயரமான மனிதர். மெதுவாகத்தான் பேசுவார், கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அவர் கத்தி நான் கேட்டது ஒரே ஒரு தடவை. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் வேலையில் ரைபிள் சுடுவதற்கு இல்லை, நிற்பதற்குத்தான். மிருகம் தட்டினால் வெடிக்கும்படி காட்டில் கட்டி வைக்கிற கட்டுத்துவக்கில் கால் புண்ணான யானை, கம்பி இறுகிய யானை என்று வந்தால், மிருக வைத்தியர் மயக்க ஊசி அடித்துவிட்டுக் கிட்டப் போய் மருந்து போடுவார். அவருக்குப் பின்னால் ஓர் ஆள் ரைபிளோடு நிற்க வேண்டும். அதற்குக் காவல் துவக்கு என்று பெயர். யானை மயக்கம் தெளிந்து எழும்பி வைத்தியர் மேல் வந்தால் மட்டும்தான் சுட வேண்டும். சுட்டால் யானை போய்விடும். சுடாவிட்டால் வைத்தியர் போய்விடலாம். எங்கள் பகுதியில் அந்த இடத்தில் பாரூக் சேர் மட்டும்தான் நிற்பார், வேறொருவருக்கும் கொடுக்க மாட்டார்.

வெளியே போகும் நாள் காலையில் அவர் செய்கிற வேலை ஒரு தொழுகை மாதிரி. போல்ட்டைக் கழற்றி மேசையில் வைப்பார். குழலுக்குள் வெளிச்சம் பார்ப்பார். பிறகு என்னைக் கூப்பிடுவார்.

“சிவா, உங்க கோயில் சூடம் கொஞ்சம் கொண்டாங்க.”

சூடத்தை ஏற்றி அதன் புகையை முன்குறியில் காட்டினால் கட்டை கன்னங்கரேல் என்று ஆகிவிடும். வெயில் பட்டுப் பளபளக்காது, விளிம்பு வெட்டி வைத்தது போல் தெரியும். “சாமிக்குக் காட்டினது போக மிச்சம்தான் சேர் உங்களுக்கு” என்பேன். “பரவால்ல, நான் பிஸ்மி சொல்லித்தான் காட்டுறேன்” என்பார்.

அடுத்தது சத்தமில்லாத வெடி. அந்த யுத்த காலத்தில் சும்மா ஒரு வெடி வைத்துக் குறி பார்க்க முடியாது. ஒரு வெடிச் சத்தம் கேட்டால் முகாமிலிருந்து ஆமி வரும், ஊர்காவல் படை வரும், ஊர் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும். அனுமதி கேட்டு எழுதினால் பதில் வருவதற்குள் யானை வேறு மாகாணத்துக்கே போய்விடும். அதனால் சேர் ரைபிளை மணல் மூட்டையில் அசையாமல் படுக்க வைப்பார். போல்ட் இல்லாத குழலைப் பின்னாலிருந்து பார்த்தால் மறுமுனை தெரியும். குளக்கட்டில் வெள்ளையடித்து வைத்த மண்ணெண்ணெய் டின்னை அந்த வட்டத்துக்குள் கொண்டுவருவார். பிறகு குறியைப் பார்ப்பார். குழல் பார்க்கும் இடத்தையே குறியும் பார்த்தால் சரி, இல்லாவிட்டால் திருத்துவார். ஒரு தோட்டா செலவில்லை. போல்ட் ரைபிளில்தான் இது நடக்கும்.

இப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் சூடம் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக முன்குறியின் தலையில் வெள்ளை எனாமல் பெயின்ட் ஒரு பொட்டு வைத்தார். நான் ஒன்றும் புரியாமல் பார்த்தேன். கறுப்பாக்கத்தான் இவ்வளவு காலமும் பாடுபட்டோம், இப்போது ஏன் வெள்ளை?

“இதுதான் நல்லம்” என்றார். அவ்வளவுதான்.

சேர் செய்தால் சும்மாவா? அந்த வாரமே எங்கள் ஒபிசில் எல்லா ரைபிளுக்கும் வெள்ளைப் பொட்டு வந்துவிட்டது. சாரதி பண்டார, தூரத்து ஒபிஸ் ஆட்கள், எல்லோரும் வைத்தார்கள். நானும் வைத்தேன். அடுத்த வருடம் சேரின் பொட்டு கொஞ்சம் பெரிதானது, எங்களுடையதும் பெரிதானது. வெயிலில் அது பளிச்சென்று சிந்தி இலக்கையே மறைத்தது. “பழகினா சரியாகிடும்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். இந்த மாதிரிப் பைத்தியக்காரத்தனத்தை எங்களைத் தவிர வேறு யார் செய்வார்கள்!

பிறகு ஸ்கோப் வந்தது. ரைபிளின் மேல் பூட்டும் சின்னத் தொலைநோக்கி. சேருக்கு அது உயிர். உண்மையில் அதில் ஓர் அழகு இருக்கிறது. பின்குறி, முன்குறி என்ற தொல்லை இல்லை. உள்ளே ஒரு குறுக்குக் கோடு, இலக்கின் மேலேயே ஒட்டி வைத்தது போல் நிற்கும். கண் பக்கத்து வளையத்தைத் திருகி நம் பார்வைக்குத் தெளிவாக்கிக்கொள்ளலாம். யானையின் காயம் எந்தக் காலில், சீழ் வடிகிறதா என்று மரத்துக்குப் பின்னால் நின்றே பார்க்கலாம். ஆனால் கிட்டத்தில் அது குருடு. பத்து எட்டுத் தூரத்தில் யானையைப் பார்த்தால் வெறும் சாம்பல் தோல்தான் தெரியும். காதா, வயிறா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். மலைப் பக்கம் மூடுபனி வந்தால் கண்ணாடி வேர்த்துவிடும். வெடியின் உதைப்பில் புருவம் கிழிந்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

எனக்கு அதில் இன்னொரு பயமும் இருந்தது. ஸ்கோப் அடிபடக் கூடாதென்று, பயணத்தில் அதைக் கழற்றித் துவாயில் சுற்றி என் பையில் வைப்பது வழக்கம். ஒரு தடவை சோதனைச் சாவடியில் என் அடையாள அட்டையை வாசித்த சிப்பாய், பையைத் திறந்தான். சோற்றுப் பார்சலுக்குக் கீழே ஸ்கோப். தமிழ்ப் பெயர், பையில் துவக்குத் தொலைநோக்கி. அவன் முகம் மாறியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கையைத் தலைக்கு மேல் வைத்து வெயிலில் முழங்காலில் இருந்தேன். பாரூக் சேர் ஜீப்பிலிருந்து மெதுவாக இறங்கி வந்தார். ஸ்கோப்பை வாங்கி, அந்தச் சிப்பாயின் கையிலேயே கொடுத்து, தூரத்து மரத்தைக் காட்டி, “பாருங்க மல்லி” என்று, தம்பியைக் கூப்பிடுவது போல், சிங்களத்தில் சொன்னார். அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

“அட, குரங்கு ஒன்னு குட்டிக்குப் பேன் பாக்குது” என்றான் பக்கத்தில் நின்றவனிடம். அவனும் வாங்கிப் பார்த்தான். மேலிடத்துக்குப் போன் பேசி எங்களை விட மத்தியானம் தாண்டிவிட்டது.

ஜீப்பில் ஏறியதும் எனக்குக் கோபம் பொங்கியது. “கிட்ட நின்னு காவல் காக்கிற வேலைக்கு இந்தச் சனியன் எதுக்கு சேர்? இரும்புக் குறி போதாதா? மாட்டினா மாட்டுறது நான்தானே?”

அவர் வெளியே பார்த்துக்கொண்டு, “மன்னிச்சுக்கங்க சிவா. ஆனா எனக்கு அது வேணும்” என்றார். ஏன் வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ‘ஏன்’ என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இதற்கு நடுவில் நாங்கள் சிரித்துவிட்டு மறந்த ஒரு விஷயமும் உண்டு. நோன்பு முடியும் மாலையில் பிறை பார்க்க ஊரே வெளியே வந்து நிற்கும். சேர் மட்டும் போக மாட்டார். கேட்டால், “நான் போனா ரெண்டு பிறை கண்டேன்னு சாட்சி சொல்லுவேன். ஊருக்கு ரெண்டு பெருநாள் வந்திடும்” என்பார். நல்ல பகிடி என்று நினைத்தோம்.

ரெட் டொட் வந்தது அவருடைய வேலையின் கடைசிக் காலத்தில். சீகிரியாப் பக்கம் யானைகளைப் பற்றி ஆராய வந்த ஒரு வெள்ளைக்காரர், ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனார். சின்னக் கண்ணாடி ஜன்னல். பற்றரி போட்டால் அதில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். உருப்பெருக்கம் கிடையாது. இரண்டு கண்ணையும் திறந்து இலக்கைப் பார்க்க வேண்டியதுதான், புள்ளி தானாக அங்கே போய் நிற்கும். நான் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தேன். பயிற்சியில் பட்ட அநியாயத்துக்கு இதோ பதில்! இரும்பைப் பார்க்க வேண்டாம், யானையையே பார்க்கலாம்.

சேர் வாங்கிப் பார்த்தார். முகம் சுளித்தார்.

“இது பழுதான சாமான். புள்ளி எங்க இருக்கு? குங்குமத்தக் கொட்டி விரலால இழுத்த மாதிரி இருக்கு.”

“இல்ல சேர், வட்டமா இருக்கே?”

பண்டார பார்த்தார், வட்டம் என்றார். சேர் மறுபடி பார்த்தார், இழுத்த குங்குமம் என்றார். பழுதென்று அலுமாரிக்குள் வைக்கச் சொல்லிவிட்டார்.

சும்மா விடுகிற ஆளா நான்? மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன். “சேர், எந்தப் பக்கம் இழுத்திருக்கு?”

“மேல இருந்து கீழ, கொஞ்சம் சாய்வா.”

சாமானைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தேன். “இப்ப?”

“அதே மாதிரித்தான். மேல இருந்து கீழ.”

பழுது சாமானில் இருந்தால் சாமானோடு சேர்ந்து அதுவும் திரும்ப வேண்டும் அல்லவா? திரும்பவில்லை என்றால் பழுது பார்க்கிற கண்ணில். சின்னத் துளை வழியாகப் பார்த்தால் கண்ணின் மங்கல் குறையும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு கடதாசியில் குண்டூசியால் துளை போட்டு, அதன் வழியாகப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்.

“வட்டமா இருக்கு” என்றார்.

சூடப் புகை, வெள்ளைப் பொட்டு, பெரிதான பொட்டு, ஸ்கோப், இரண்டு பிறை, எல்லாம் வரிசையாக என் கண் முன்னால் வந்து நின்றன. இத்தனை காலமும் வைத்தியருக்குப் பின்னால் நின்ற மனிதருக்கு முன்குறி தெரியவில்லை.

“சிவா, இத வெளிய சொல்ல வேணாம்” என்றார், மிக மெதுவாக.

வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. மனைவி துருவிக் கேட்டாள், சொன்னேன். “அப்ப அந்த டொக்டர் மிஸ்கிட்ட சொல்லிடுங்க” என்றாள். டொக்டர் நிலூகா எங்கள் பகுதி மிருக வைத்தியர், இரண்டு பிள்ளைகளின் தாய்.

“சொன்னா சேர மேசை வேலையில உக்கார வச்சிடுவாங்க. அந்த மனுசன் செத்திடுவாரு.”

“சொல்லாட்டி யாரு சாவாங்க?” என்று கேட்டுவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த நாளே லக்கலயிலிருந்து செய்தி வந்தது. காடு வெட்டிப் பயிர் செய்த சேனை ஓரத்தில் ஒரு கொம்பன், முன்காலில் கட்டுத்துவக்குக் காயம், புழுத்து நாறுகிறது. ஊர்க்காரர்கள் சுட்டுவிடச் சொல்லி நின்றார்கள். டொக்டர் மருந்து போட்டே தீருவேன் என்றார். ஜீப்பில் போகும்போது “சேர், இன்னிக்குக் காவலுக்கு நான் நிக்கிறேன்” என்றேன். அவர் ஸ்கோப் பூட்டிய ரைபிளை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்.

மயக்க ஊசி பட்டு யானை பக்கவாட்டில் சாய்ந்தது. டொக்டர் பெட்டியைத் தூக்கினார். அப்போது சேர் ரைபிளை ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்தார். ஸ்கோப்பைக் கழற்றி எடுத்துப் பண்டாரவிடம் கொடுத்தார். மடக்குக் கத்தியை விரித்து, முன்குறியிலிருந்த வெள்ளைப் பொட்டைச் சுரண்ட ஆரம்பித்தார். பெயின்ட் செதில் செதிலாக விழுந்தது.

“சூடம் இருக்கா?”

வழியில் பிள்ளையாருக்கு ஏற்றியதில் மிச்சம் என் சட்டைப் பையில் இருந்தது. கொடுத்தேன். பிஸ்மி சொல்லிப் புகை காட்டினார். கறுத்த முன்குறியோடு ரைபிளை என் கையில் வைத்தார்.

“அந்தப் பொட்டு என்ட கண்ணுக்கு வச்சது சிவா. உங்க கண்ணுக்கு வேணாம்.” பிறகு டொக்டரிடம் திரும்பிச் சிங்களத்தில் சொன்னார்: “மிஸ், எனக்குக் கண் சரியில்ல. கொஞ்ச காலமாவே சரியில்ல. இவரு நிப்பாரு. நான் உங்ககூட வாறேன்.”

டொக்டர் அவரையே ஒரு கணம் பார்த்தார். “அப்ப தண்ணி வாளியத் தூக்குங்க” என்றார்.

எங்கள் மேலதிகாரி வாளியோடு போய் உடம்பு சூடேறாமலிருக்க யானையின் காதுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, டொக்டரின் தோளோடு தோளாகக் குந்தினார். நான் பத்து எட்டுத் தள்ளி நின்றேன். என் கையில் அவர் உயிரும் இருந்தது.

டொக்டர் காயத்தைக் கழுவி, உள்ளே போயிருந்த ஈயத் துண்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார். மயக்கம் தெளிய இன்னும் நேரம் இருந்தது. ஆனால் தும்பிக்கையின் நுனி சுருண்டது. வயிறு ஏறி இறங்கிற்று. “எழும்புது!” என்று பண்டார அலறினார். அந்த மலை உடம்பு ஒரே புரளலில் முழங்காலுக்கு வந்துவிட்டது. டொக்டர் எழும்பப் போய் பெட்டி தடுக்கி விழுந்தார். சேர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். நான் ரைபிளைத் தோளுக்கு ஏற்றிவிட்டேன்.

முன்குறி கறுப்பாக, கூர்மையாக, வெட்டுக்கு நடுவில் நின்றது. பழகியபடி அதையே பார்த்தேன். அதற்கு அப்பால் இருந்ததெல்லாம் மங்கல். பெரிய சாம்பல் மங்கல் ஒன்று எழும்பியது. அதன் ஓரத்தில் சின்ன மங்கல் இரண்டு. விரல் விசையை இறுக்கத் தொடங்கியது.

“வெடி வைக்காதீங்க சிவா! வைக்காதீங்க! அது நம்மளப் பாக்கல்ல, காட்டப் பாக்குது!”

அவர் கத்தி நான் கேட்ட ஒரே தடவை அதுதான். கிட்டத்துக் கட்டை தெரியாத அந்தக் கண், யானையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு யானையின் முகம் தெரியவில்லை. நம்பினேன். விரலை எடுத்தேன். யானை எழும்பி நின்று ஆடியது, காதை ஒரு தடவை வீசியது, மருந்து பூசிய காலை மெதுவாக ஊன்றி மரங்களுக்குள் போய்விட்டது.

டொக்டர் மண்ணில் இருந்தபடியே அழுதார், பிறகு சிரித்தார். சேர் என்னிடம் வந்து ரைபிளை வாங்கி, போல்ட்டை இழுத்துத் தோட்டாக்களை எடுத்தார். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கண் டொக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மாத்தளை டவுனில்தான். “கண்ணோட முன்பக்கம் பந்து மாதிரி இருக்கணும். உங்களுக்கு முட்டை மாதிரி இருக்கு. அதான் புள்ளி இழுபடுது. கிட்டத்துல பாக்குற பார்வையும் வயசால போயிட்டுது” என்று சொல்லி ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கண்ணாடி வந்த அன்று சேர் ஒபிசுக்குள் நுழைந்ததும் அலுமாரியைத் திறந்து ரெட் டொட்டை எடுத்துப் பார்த்தார். இந்தத் தடவை முகம் சுளிக்காமல் தானே அதை ரைபிளில் பூட்டி மணல் மூட்டையில் வைத்தார். ஆனாலும் அதற்குப் பிறகு காவலுக்கு என்னைத்தான் நிற்க வைத்தார்.

ஆகவே இர்ஷாத், உன் கேள்விக்கு வருகிறேன். காவல் துவக்கு என்றால் ரெட் டொட் போடு. சுடப் போகிறவன் யானையின் முகத்தைப் பார்க்கட்டும். ஆனால் இரும்புக் குறியைக் கழற்றிவிடாதே, பற்றரி ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் சாகும். ஸ்கோப் ஒன்றும் இருக்கட்டும், தூரத்தில் நின்று காயம் பார்க்க அதைவிட நல்லது இல்லை. இதெல்லாம் வாங்குவதற்கு முன்னால் ஒபிசில் எல்லோரையும் கண் டொக்டரிடம் அனுப்பு. மேலதிகாரி நீ, முதலில் நீ போ.

சேருக்குக் கண்ணாடி வந்த அந்த வருட நோன்பின் கடைசி மாலை. நான் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி போனைக் கொண்டுவந்து கொடுத்தாள். மறுபக்கத்தில் ஒரே சத்தம், சனக்கூட்டம், பிள்ளைகளின் கூச்சல்.

“சிவா, பிறை பாக்க வந்திருக்கேன்” என்றார் சேர்.

“தெரியுதா சேர்?”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவர் அழுகிறார் என்று விளங்கியது.

“தெரியுது சிவா. ஒன்னே ஒன்னுதான். போன வைங்க, பள்ளிவாசல்ல போய்ச் சாட்சி சொல்லிட்டு வாறேன்.”